புதுப்பெண்ணுக்கு முதல் ஆட்டம்

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குச் சண்டை போடவே வராது. எதிராளியையும் 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்கப் போவான். இந்த நல்ல பழக்கத்தால் ஒரே மத்தியானத்தில் மானத்தோடு ஒரு டிராகனையும் பறிகொடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி என்ஜினீயரிங் படித்தேன் (படித்தது சீட்டு விளையாட்டை மட்டும்தான் என்பது அப்பாவின் திருத்தம்). அறைத்தோழன் செந்தில் பெருந்துறைக்காரன். அவன் மாமா அமெரிக்காவிலிருந்து பூதம், மந்திரவாதி, டிராகன் படம் போட்ட சீட்டுகளாக அனுப்பிக்கொண்டே இருப்பார். சேர்த்ததில் பொறுக்கி ஆளுக்கொரு கட்டு அமைத்து மோத வேண்டும். என் கட்டில் எல்லாமே ராட்சசர்கள். தலைவன் தங்க டிராகன்.

அந்த டிராகனுக்காக, அப்பா வாங்கித் தந்த வாட்ச்சைச் செந்திலிடம் கொடுத்திருந்தேன். வீட்டில் 'ரிப்பேருக்குப் போயிருக்குதுங்கப்பா' என்று சொல்லி வைத்திருந்தேன். என்றைக்காவது டிராகனைத் திருப்பிக் கொடுத்து வாட்ச்சை மீட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அண்ணன் கல்யாணம் முடிந்த மறுவாரம் நான் லீவில் வீட்டில் இருந்தபோது, கிணத்துக்கடவிலிருந்து வந்த புது அண்ணி என் சீட்டுகளைப் பார்த்தார். விதிமுறைத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க தம்பி, நானும் ஆடட்டுங்களா?"

"ஆடுங்கண்ணி. அந்த அட்டைப்பெட்டியில கெடக்கறத எடுத்துக்கங்க" என்றேன் பெருந்தன்மையாக. அதில் கிடந்தவை எலி, குட்டிச்சாத்தான் மாதிரி யாரும் சீண்டாத சில்லறைச் சீட்டுகள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்தார்.

"செயிச்சவங்க, தோத்தவங்க கட்டுல ஒரு சீட்ட எடுத்துக்கலாம்னு போட்டிருக்குதுங்களே?"

"தாராளமாங்கண்ணி!" (வாய்க்கொழுப்பு.)

யார் முதலில் என்று காசு சுண்ட வேண்டும். புதுப்பெண்ணிடம் போய்க் காசு சுண்டுவதா? "நீங்க மொதல்ல ஆடுங்கண்ணி" என்றேன்.

முதல் சுற்றில் ஒரு சக்தி, இரண்டாவதில் இரண்டு என்று ஏறும். டிராகனை இறக்க ஏழு வேண்டும். இறங்கிவிட்டால் ஒரே மூச்சில் சில்லறைகள் மொத்தமும் சாம்பல். ஆனால் அண்ணியின் எலிகளுக்கு ஒரு சக்தி போதும். என் ராட்சசர்கள் கையிலேயே உட்கார்ந்திருக்க, அவர் படை முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது.

"தம்பி, இந்தக் குட்டிச்சாத்தான் உங்கள ஒரு அடி அடிச்சுக்கட்டுங்களா?"

"அடிச்சுக்கங்கண்ணி." (வேறென்ன சொல்வது?)

ஆறு சுற்று முடிந்தபோது என்னிடம் மிச்சம் மூன்று உயிர். அடுத்து என் முறை வந்தால் டிராகன்! ஆனால் ஏழாவது சுற்றிலும் முதல் ஆட்டம் அவருடையதுதானே?

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி" என்று மூன்று எலிகளை அனுப்பினார். கதை முடிந்தது.

நான் குப்பையென்று ஒதுக்கியதை வைத்து எப்பேர்ப்பட்ட ஆட்டம்! காது சுட்டாலும் மனசுக்குள் கைதட்டினேன். டிராகனை அவர் எடுத்ததும்தான் வாட்ச் ஞாபகம் வந்தது, முகம் செத்துவிட்டது. "ஏனுங்க தம்பி?" என்று கேட்டார். எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு விடுதிக்கு வந்து இறங்கினார். வரவேற்பறையில் செந்திலைக் கூப்பிட்டு, டிராகனுக்கும் வாட்ச்சுக்கும் பந்தயம் பேசினார். அவனுக்கு ஒரே சிரிப்பு. பாவம், அறைத்தோழனாயிற்றே என்று நான் கண்ணைக் காட்டிக் காசு சுண்டச் சொல்வதற்குள் அந்தப் பெருந்துறைக்காரன் கையை விரித்துவிட்டான்:

"விருந்தாளி வந்திருக்கறீங்க. நீங்க மொதல்ல ஆடுங்கக்கா."

அன்று சாயங்காலம் அவர்களோடு வீட்டுக்குப் போனபோது வாட்ச் என் கையில் இருந்தது. "ரிப்பேருக்கு இத்தன நாளா?" என்றார் அப்பா.

"வேல கொஞ்சம் பெருசுங்க மாமா" என்றார் அண்ணி.

டிராகன் இன்னமும் அவர் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. விசேஷங்களில் நான் கொஞ்சம் சத்தமாகப் பெருமை பேச ஆரம்பித்தால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்:

"ஏனுங்க தம்பி, மணி என்னாச்சுங்க?"

மொத்தக் குடும்பமும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மரியாதையாக மணி பார்த்துச் சொல்கிறேன்.