ஆதாரத்தாரின் கை

நோவு என்று போனவர்களிடம் 'மாற்றிச் சுகமாக்கித் தருகிறேன்' என்று ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆதாரத்தார். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மசாஜ் செய்துகொண்டிருந்தார். எந்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்டாலும் "உதுக்கு ஆதாரம் இல்லை" என்று வாய்க்கு வாய் சொல்லியே சொந்தப் பெயரைத் தொலைத்துவிட்டார்.

கண்ணில் தண்ணீர் வர உருவினால்தான் எங்கள் சனத்துக்குத் திருப்தி. இவர் பூனையைத் தடவுவது போலத் தடவுவார்.

"கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோவன்."

"நோகுது எண்டுதானே வந்தனியள்? பிறகேன் இன்னும் நோகப் பண்ணச் சொல்லுறியள்?"

நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்லவும் வேண்டும். கொடிகாமத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர், "முதல்லை நீங்கள் ஒண்டைச் சொல்லுங்கோ, நான் குறைச்சுக் கேக்கிறன்" என்றாராம்.

நான் போனது இடுப்போடு. கதிரையில் உட்கார்ந்தால் உயிர் போகும். எழுத்தைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் உட்கார முடியாமல் போனால் என்ன செய்வது? பயத்தில் சோறு இறங்கவில்லை.

"நடவுங்கோ. ஆராய்ச்சியள் அதைத்தான் சொல்லுது" என்றார்.

எங்கள் ஊர் நடுவே போகும் கண்டி வீதியில் நடந்தால் விடுவார்களா? தெரிந்தவர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணை, நடந்து போறியள்? ஏறுங்கோ" என்பார்கள். மறுத்தால் கோபம். நடக்கப் போனவன் சவாரி செய்தே வீட்டுக்கு வந்தேன். கடைசியில் ஆதாரத்தாரே கூட நடக்க வந்தார். நிறுத்தியவர்களுக்கெல்லாம் முள்ளந்தண்டைப் பற்றி விளக்கம் கொடுத்தார். பிறகு எங்களைத் தூரத்தில் கண்டாலே மோட்டார் சைக்கிளைப் பக்கத்து ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டார்கள்.

அப்படி நடந்தும் நோவு போகவில்லை. அவரிடம் வந்துகொண்டிருந்த மற்றவர்கள் எல்லாரும், ஒரே உருவலில் சுகமாக்குவதாகச் சொன்ன பண்டத்தரிப்பு எண்ணெய்க்காரரிடம் போய்விட்டார்கள். "உந்தாளிட்டை இன்னும் ஏன் போறியள்?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் மனம் விட்டுப்போயிற்று. ஒருநாள் கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. இது மாறுமோ?"

இடுப்பில் கையை வைத்தார்.

"மாறும் எண்டு சொல்ல ஏலாது, தம்பி. நோவோடையும் எழுதலாம் எண்டு சொல்லுவன். நிண்டு எழுதிப் பாருங்கோ."

வளர்ந்த மனிதன், தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்கவுமில்லை.

"என்ரை நேரம் முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

"ஓம், தெரியும். பேசாமல் படுங்கோ."

பிறகு ஆட்கள் வராததால் ஆதாரத்தார் அறையைப் பூட்டிவிட்டு, மன்னாரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். எனக்கு நோவு மாறவில்லை. அடுப்படிக் குசினி மேசையில் உயரத்துக்குப் பெட்டி அடுக்கி, நின்றபடிதான் இதை எழுதுகிறேன். எழுத முடிகிறது. இடுப்பு சுண்டி இழுக்கும்போது மட்டும் அந்தக் கையை மனம் தேடுகிறது.