முன்பக்கம் மட்டும் தைப்பவர்கள்

தைத்துத் தானம் கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். பார்த்தால் சாதுவாகத்தான் தெரிவார். கைப்பையைத் திறந்தால் ஊசி, நூல்கண்டு, சின்னக் கத்தரி, எதற்கோ வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி எல்லாம் கிடக்கும். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண் உங்கள் சட்டையில் இருக்கும். "துணி நல்லா இருக்கே, இன்னும் எவ்வளவு நாள் போடுவீங்க?" என்று அவர் விசாரித்தால் உஷாராகிவிடுங்கள். அந்தச் சட்டை அவர் மனசுக்குள் ஏற்கெனவே பையாகிவிட்டது.

இவர்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் இயற்கையான மரணம் கிடையாது. திரைச்சீலை தலையணை உறையாகும், தலையணை உறை குழந்தைச் சட்டையாகும், குழந்தைச் சட்டை கிழிந்தால் பொம்மையின் வயிற்றுக்குள் போகும். இத்தனையும் முகம் தெரியாத யாரோ ஏழைக்காக என்பதால், காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேடிக்கொண்டு பனியனோடு நிற்கும் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் அவர்தான் ஈவிரக்கம் இல்லாதவர். அவரும் திறக்க மாட்டார். பழகிவிட்டது.

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்று இவர்கள் அடிக்கடி சொல்வார்கள். சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். "அட, இதைவிட என்னங்க செய்ய முடியும்" என்று நீங்கள் மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் அடுத்த தடவை உங்கள் தேநீரில் சர்க்கரை குறையும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் இவர்கள் வாயில் வரவே வராது: "உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும் என்கிறீர்களா? சனிக்கிழமைதோறும் இந்த இனம் என் வீட்டு ஹாலில்தான் கூடுகிறது. மிஷினும் என்னுடையதுதான்.

போன வருஷம் எங்கள் கருணை பொது ஆஸ்பத்திரியின் பக்கம் திரும்பியது. அங்கே நோயாளிகளுக்கு மாட்டிவிடும் கவுனைப் பார்த்திருப்பீர்கள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா கட்டி மூடிக்கொள்ள வேண்டும். வெளுத்துப்போன நிறம். பார்த்தாலே ஜுரம் வரும். "நோயாளிக்கு முதல்ல மனசு மலரணும்" என்றார் எங்கள் கூட்டத்தின் தலைவி, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லோருக்கும் பேங்க் அக்கா. மலர வைத்தோம். கழுத்தைச் சுற்றி லேஸ், இடப்பக்கம் ஒரு பாக்கெட், பாக்கெட்டின் மேல் நான் சங்கிலித் தையலில் போடும் ஐந்து இதழ்ப் பூ, நெஞ்சுக்கு நடுவில் வண்ண நாடாவைப் பட்டாம்பூச்சி மாதிரி முடிந்த பெரிய 'போ'. அந்த போவுக்கே நாடா எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. கழுத்துக்கு ஏதோ ஒப்பேற்றினோம். இடுப்புக்கு இல்லை.

"படுத்திருக்கறவங்களுக்கு இடுப்புல நாடா எதுக்கு? பின்னாடிதானே, யாரு பாக்கப் போறா?"

இந்த அரிய யோசனையைச் சொன்னது யார்? நான்தான்.

கொடுக்கும் நாளில் ஆளுக்கொரு கவுனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். என் மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் எப்படிம்மா இருக்கும்?" என்றாள். பின்பக்கத்தை யாராவது போட்டோ எடுப்பார்களா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா வந்தது. அதே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் வந்து, வராந்தாவின் கடைசி வரை நடந்து திரும்பி வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவேன், நடக்காமல் படுத்தே கிடந்தால் வேறு தொந்தரவு வரும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். இவர் கட்டிலைவிட்டு இறங்குவதாக இல்லை. கழுத்துவரை போர்வை. வலிக்கிறதா என்றேன், இல்லை என்றார். தலை சுற்றுகிறதா என்றேன், இல்லை என்றார். கெஞ்சினேன், மிரட்டினேன், மகளுக்கு போன் போடுவேன் என்றேன். கடைசியில் போர்வையைக் கொஞ்சம் இறக்கினார். நெஞ்சில் ஒரு போ. பக்கத்தில் ஐந்து இதழ்ப் பூ.

"உன் பூதான். நல்லா பாத்துக்கோ," என்றார் மெதுவாக. "பின்னாடி மட்டும் பாக்காதே."

பக்கத்துக் கட்டில்காரர் பஸ் கண்டக்டர். பித்தப்பையில் கல். கடைசி சீட்டுவரை கேட்கிற குரல்.

"சார் மட்டும் இல்லம்மா, இந்த வரிசை முழுக்க அப்படித்தான். ஒரு கை டிரிப் கம்பியைப் பிடிக்கணும், ஒரு கை பின்னால பிடிக்கணும். அப்புறம் எதைப் பிடிச்சுட்டு நடக்கறது? இதைத் தச்ச மகராசி ஒரு தடவை மாட்டிக்கிட்டு நாலு எட்டு நடந்து பாத்திருக்கணும்."

அந்த வார்டில் பழைய வெளுத்த கவுன் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலியாம். அதற்காகத் தன் பங்கு ரொட்டியை விட்டுக்கொடுத்தவர்கூட உண்டாம். கண்டக்டர் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தொலைந்த சட்டைகளுக்கெல்லாம் பழி வாங்க அவருக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் சொல்லவில்லை. மின்விசிறியில் அப்படி என்ன இருந்ததோ.

கைப்பையைத் திறந்தேன். கத்தரியை எடுத்து, நான் கட்டிய போவை நானே பிரித்து, அதை இரண்டாக வெட்டி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தேன். இறுக்கி ஒரு முடிச்சு. மனிதர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஏதோ பதவி கிடைத்தவர்போல் நின்றார்.

"அம்மா, அப்படியே எனக்கும்" என்றார் கண்டக்டர்.

அப்புறம் எதிர்க் கட்டில். அதற்கடுத்த கட்டில். கழற்ற முடிந்தவர்கள் போர்வைக்குள் புகுந்துகொண்டு கவுனை நீட்டினார்கள், டிரிப் ஏறிக்கொண்டிருந்தவர்கள் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்கள், நர்ஸ் பார்த்தும் பாராததுபோல் போனார்; எங்கள் கூட்டம் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய போக்கள் எல்லாம் அன்று பிற்பகலில் ஒவ்வொன்றாக என் கையாலேயே அவிழ்ந்தன. போவாக இருந்தபோது ஒருவரும் பாராட்டவில்லை. இடுப்பு நாடாவானதும் வாழ்த்து மேல் வாழ்த்து.

"தச்சவங்க யாரோ, தெரியாது. சரி பண்ணித் தர நீங்க வந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்மா," என்றார் கண்டக்டர்.

ஒரு நேர்மையான மனுஷி அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்கும் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏதோ நம்மால முடிஞ்சது," என்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் வராந்தாவுக்கு வந்தோம். பாதி தூரம் போனதும் இவர் என் பக்கம் குனிந்தார்.

"திரும்பி வரும்போது சொல்லிடட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு நடங்க."

சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கவுனும் இவர் மாட்டிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைவரை நடந்து காட்டாமல் வெளியே போவதில்லை. பேங்க் அக்கா அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். லேஸ் இல்லை, போ இல்லை, இடுப்பில் அழுத்தமான நாடா உண்டு. பூவை மட்டும் என்னால் விட முடியவில்லை. யார் கண்ணிலும் படாமல் உள்மடிப்பில் போடுகிறேன். வெளியே தெரியாமல் நல்லது செய்யப் பழகுகிறேனாம். இதுவரை பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

நீங்கள் ஊசியே தொடாதவர், அதனால் தப்பித்தோம் என்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள். போதும் போதும் என்று கையால் மறைத்த விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி வைத்தீர்களே? மருமகளின் அலமாரியை அவள் இல்லாதபோது அடுக்கிக் கொடுத்தீர்களே? தம்பி மகன் என்ன படிக்க வேண்டும் என்று அவனைத் தவிர எல்லோரிடமும் பேசி முடிவு செய்தீர்களே? அதெல்லாம் எங்கேயும் தொலைந்துபோகாது. துவைத்து, மடித்து, ஒருநாள் உங்கள் கட்டிலுக்கே வரும். வந்தால் மறுக்காமல் மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து பாருங்கள்.

ஒரு கை தானாகப் பின்னால் போகிறதா?