142857 என்ற டிக்கெட்

ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் இடையே ஓடிய பேருந்துகளில், பயணிகளைவிட டிக்கெட் எண்களுக்கு அதிக மரியாதை கொடுத்த கண்டக்டர் ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பெருக்கல் அண்ணே என்றால் சாலையோரத்து ஆட்டுக்கும் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் அவர் பேருந்தில்தான் எஸ்டேட் வீட்டுக்குப் போவேன். டிக்கெட்டைக் கிழித்தவுடன் கொடுத்துவிட மாட்டார். உதடு அசையும். "ஏழுல போகுது, பதிமூணுலயும் போகுது, நல்ல டிக்கெட்" என்று ஆசீர்வதித்த பிறகுதான் கைக்கு வரும். எதிலும் வகுபடாத எண் வந்து முரண்டு பிடித்தால் மணியடிக்க மறந்துவிடுவார். செம்மோரில் இறங்க வேண்டியவர்கள் சுங்கை சிப்புட்டில் இறங்கித் திட்டுவார்கள். நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறவர்கள், அவர் புகழ்ந்த எண்களைக் கட்டித் தோற்றார்கள். சண்டைக்கு வந்தால், "நல்ல நம்பர்னுதானே சொன்னேன், வுழும்னா சொன்னேன்?" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் முகத்தில் கல்யாணக் களை. பல மாதங்களாகக் காத்திருந்த 142857 அன்று வரப்போகிறது. கண்டக்டர் தனக்கென்று டிக்கெட் எடுக்கக் கூடாது. யாரிடமாவது விற்றுத்தான் திரும்ப வாங்க வேண்டும். வாயே திறக்காத ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த எண் சரியாக என் கைக்கு வருவதற்காக ஒரு பெரியவரை அவசரப்படுத்தினார், ஒரு சீன அம்மாவைக் காக்கவைத்தார்.

"கசக்கிறாத தங்கச்சி, எறங்கறப்ப குடுத்துரு. ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் எதால பெருக்கினாலும் அதே நம்பருங்கதான், வரிசை மாறாம சுத்தி வரும். ஏழால பெருக்கினா மொத்தமும் ஒம்பது."

ஜன்னல் தூசியில் விரலால் எழுதி இரண்டால் பெருக்கினேன். 285714. எனக்கே சிலிர்த்தது.

சுங்கை சிப்புட்டில் செக்கர் ஏறினார். பார்த்த டிக்கெட்டை மறுபடி யாரும் காட்டாதபடி நடுவில் இரண்டாகக் கிழித்துத் தருவது அவர் வழக்கம். என் முறை வந்ததும் அண்ணே குறுக்கே பாய்ந்தார்.

"சார், அத மட்டும் கிழிக்காதீங்க லா."

"ஏன், பழைய டிக்கெட்டா?"

"பெருக்கினா சுத்தி வரும் சார்."

செக்கர் அவரை மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. இருந்தும் கிழித்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

அண்ணே துக்க வீட்டில் நிற்பவர்போல் நின்றார். என் மடியில் ஒரு துண்டில் 142, இன்னொன்றில் 857. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தவள், எப்படித் துணிந்தேனோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, ரெண்டையும் கூட்டுங்க."

குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. 999. "கிழிச்சாலும் ஒம்பதுதானா..." என்றார் மெதுவாக. பிறகு ஓடிப்போய்ச் செக்கரின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். செக்கர் உடனே பேனாவை எடுத்து அவர் சட்டையிலிருந்த பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

நான் இறங்கும்போது 142-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, "ஒன்னோடத நீ வச்சுக்க" என்றார்.

பிறகு நான் வேலை மாறிவிட்டேன், அவரைப் பார்க்கவில்லை. 857 என்னிடம்தான் இருக்கிறது. தனியாக அது ஒன்றுமே இல்லை. அதோடு சேர வேண்டியதை அண்ணே எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பார் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.