ஒரு மேடம் என்பது பதினோரு நிமிடம்

அன்புள்ள அக்காவுக்கு,

மரியாதையும் கொஞ்சம் பயமும் சேர்த்துத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நானும் உடம்பளவில் நலம்தான். நீயும் அத்தானும் சண்டை போடும் தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அலுவலகத்து ஸ்டாப்வாட்சை வைத்து, முதலில் பல் தேய்ப்பதா பால் காய்ச்சுவதா என்று முடிவுசெய்ய எனக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தேன். நாலு நிமிடம் இருபது வினாடி. புத்தி பிசகிவிட்டதா என்று கேட்பாய். முழுவதும் படித்துவிட்டுக் கேள்.

என் வேலை உனக்குத் தெரியும். கேட்பவர்களிடம் "ஏதோ மீட்டர் கம்பெனி" என்று நீ சொல்லிவைப்பதும் எனக்குத் தெரியும். ஆலைகளிலிருந்து வரும் பிரஷர் கேஜ்களை எங்களிடமுள்ள சரியான கேஜோடு ஒப்பிட்டு, முள் பொய் சொல்லவில்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை, சான்றிதழ் அடிக்கும் டைப்பிஸ்ட் பெண் போனில் யாரிடமோ, "சாப்பிடத்தானே? வந்துடறேன்டி, இன்னும் ரெண்டு மேடம்தான்" என்றாள். மறுநாள் வேன் டிரைவர், "டயர் மாத்த அரை மேடம் போதும்" என்றார். அந்த அலுவலகத்தில் மேடம் நான் ஒருத்திதான். எங்கள் மெக்கானிக்கைப் பிடித்து உலுக்கினேன். காதிடுக்கில் எப்போதும் ஒரு திருகாணி வைத்திருப்பதால் அவருக்கு ஸ்க்ரூ என்று பெயர்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு நீங்க சொல்றதுக்கும் கையெழுத்து போடறதுக்கும் நடுவுல ஒரு நேரம் ஆகுது பாருங்க, அதான் ஒரு மேடம். பதினோரு நிமிஷம்."

"யாரு அளந்தது?"

"நான்தான். முப்பது தடவை அளந்து சராசரி எடுத்தேன். நீங்க சொல்லிக்குடுத்த முறைதான்."

முறை சரியாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை. எங்கள் அறையில் எந்தக் கேஜைத் திருப்பினாலும் பாஸ்கல் என்று ஒரு மனிதரின் பெயர் இருக்கும். அவர் அழுத்தத்தைப் பற்றி மூளையைக் கசக்கி, செத்து முந்நூறு வருடம் காத்திருந்து அலகானார். நான் பேனாவைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தே அலகாகிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லி அழலாம் என்று போனால், "நம்ம வீட்ல அதுக்கு வேற பேரு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ரோஷம் வந்துவிட்டது அக்கா. நேற்று ஒரு சலவை நிலையத்தின் பாய்லர் கேஜ் வந்தது, "எல்லாம் சரியா இருக்கு" என்றேன், ஒன்பதே வினாடியில் கையெழுத்தைப் போட்டேன், டைப்பிஸ்ட் பெண் வாயைப் பிளந்தாள், டிரைவர் காகிதத்தையும் கேஜையும் வாங்கிக்கொண்டு பறந்தார், நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே டைப்பிஸ்ட் பெண், "ஐயோ மேடம், அதுல வேற கேஜோட நம்பர், நான் இன்னும் சரிபார்க்கவே இல்ல" என்கிறாள், அவள் முடிப்பதற்குள் ஸ்க்ரூ ஓடி வந்து, "மேடம், முள்ளு ஜீரோவுக்குத் திரும்புதான்னு நான் இன்னும் தட்டியே பார்க்கல, அது சிக்கற ஜாதி முள்ளு" என்கிறார்.

"முதல்லயே தட்டிப் பார்த்தா என்ன?"

"முதல்லயா? அப்புறம் உங்க பதினோரு நிமிஷத்துல நான் என்ன செய்வேன்?"

பாய்லர் உள்ளே கொதித்தாலும் அந்த முள் பாதியில் சிக்கி, பேசாமல் நிற்கும். அதன் பக்கத்தில் ஒன்பது பெண்கள் நின்று இஸ்திரி போடுகிறார்கள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினேன், ஸ்க்ரூ என் செருப்போடு பின்னால் ஓடி வந்தார். இரண்டு தெரு தள்ளி வேன் மூக்கில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. "தண்ணி ஊத்தல மேடம். தினமும் உங்க பதினோரு நிமிஷத்துலதான் ஊத்துவேன்" என்றார் டிரைவர். கேஜைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேலதிகாரி கூப்பிட்டார். "யாரைக் கேட்டு சீக்கிரமா கையெழுத்து போட்டீங்க?"

ஆகவே, ஆவண அறைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். அங்கே எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இது முடிவான முடிவு. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்காவிட்டாலும் அமோகமாக இருக்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. விண்ணப்பம் எதிரே கிடக்கிறது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதோடு மூன்று மேடம் ஆயிற்று. ஜன்னலைப் பார்த்தபடி நான் தினமும் நினைப்பதெல்லாம் அந்தந்தக் கேஜுக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் ஆளைத்தான் என்று இப்போதுதான் பிடிபடுகிறது. நான் எங்கும் போகவில்லை. இன்னொன்று, இது இந்த நிமிடம்வரை யாருக்கும் தெரியாது: திங்கட்கிழமை முதல் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பாஸ்கலுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. ஸ்க்ரூ மறுபடியும் முப்பது தடவை அளக்கட்டும்.