ஒன்றும் சைபரும் சமமா?

காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில். ஆனாலும் எங்கள் அறையில் தங்கியிருந்த ‘ஆகவே’யிடமிருந்து எங்களைக் காப்பாற்ற ஒரு சாமியும் முன்வரவில்லை. அவனைப் போலப் பிடுங்கியெடுக்கிற பிறவியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பின் கணக்குப் பாடத்தில் புதிதாகக் கணங்கள், தொகுத்தறிதல், கலப்பெண்கள் என்று என்னென்னவோ நுழைத்திருந்தார்கள். ஏகாம்பரமும் நானும் மற்றவர்களைப் போல மனப்பாடம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தோம். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடு ஒன்றின் மாடி அறையில் எங்களோடு மூன்றாவதாக வந்து சேர்ந்தான், முசரவாக்கத்து விவசாயி மகன் ஒருவன். பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘ஆகவே’ என்றுதான் முடிப்பான். ‘பல்பொடி தீர்ந்துபோச்சு. ஆகவே, நான் பல்லு தேய்க்கல.’ ஒரு வாரத்தில் பெற்றோர் வைத்த பெயர் போயே போய்விட்டது.

மற்றவர்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பழகுவார்கள். அவன் எங்கள் தலையில் போட்டுப் பழகினான்.

முதலில் கணங்கள். நாங்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் ‘சாம்பார் சாதம் அல்லது தயிர் சாதம்’ என்று பலகையில் எழுதியிருக்கும். ஒருநாள் ஆகவே இரண்டையும் கேட்டான்.

“ஒண்ணுதான்பா” என்றார் மெஸ்காரர்.

“அல்லதுன்னு போட்டிருக்கீங்களே. கணக்குல அல்லதுன்னா இது இருக்கலாம், அது இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே, ரெண்டும் வைங்க.”

“இது கணக்கு இல்லபா, சோறு!”

சாப்பிட வந்த கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. ஒரு வழியாக மறுநாள் மெஸ்காரர் பலகையை அழித்து, ‘இரண்டில் ஏதேனும் ஒன்று மட்டும்’ என்று பெரிதாக எழுதினார். எங்களைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவேயோ பலகையைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இப்பதான் சார் சரியா எழுதியிருக்கீங்க!” தயிர் சாதம் மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். அவனுக்குச் சோறு முக்கியமில்லை, சொல் சரியாக இருக்க வேண்டும். இந்த வியாதிக்கு மருந்து கிடையாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கலப்பெண்கள். ஓர் எண்ணை ‘ஐ’யால் பெருக்கினால் அது இடப்பக்கமாகத் தொண்ணூறு டிகிரி திரும்பும் என்று வகுப்பில் சொன்னார்கள். நாங்கள் குறித்துக்கொண்டோம். ஆகவேயோ தானே அப்படித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். விடியற்காலையில் தெருவில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, “ஐ” என்று ஒரு திருப்பம், “ஐ ஸ்கொயர், மைனஸ் ஒண்ணு” என்று இன்னொரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவே கொஞ்சம் நடை.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நெடுக்கு இழைகளையெல்லாம் தெருவோடு இழுத்துக் கட்டி, குடும்பமே நின்று சிக்கெடுக்கும். கல்யாணப் புடவைக்கான பட்டுப் பாவு. அதில் போய் விழுந்தான் ஆகவே.

“டேய்! இன்னாடா பண்றே?” என்று அலறினார் வீட்டுக்காரர்.

“ஐ க்யூப்ங்க” என்றான், இழைகளுக்குள் கிடந்தபடியே.

தெருவே கூடிவிட்டது. அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று எங்களுக்கு உதறல். அறுந்த இழைகளை அவனே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவனும் சந்தோஷமாக உட்கார்ந்தான். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி எங்களிடம் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பிங்களா, அவன இட்டுகினு போங்கபா. ஒவ்வொரு முடிச்சுக்கும் எதுக்கு இப்பிடிப் போடறீங்க, வேற மாதிரி போட்டா நிக்காதான்னு கேட்டுக்கினே இருக்கான். என் சம்சாரத்துக்குக் கை வேலையே மறந்துபோச்சு. நாங்களே பாத்துக்கறோம்.”

இப்படியே ஓடி, பரீட்சையும் வந்தது.

கணக்குத் தாளில் ஒரு கட்டாயக் கேள்வி. ஒன்றிலிருந்து வரிசையாக வரும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்பதற்கான சூத்திரத்தைத் தொகுத்தறிதல் முறையில் நிறுவ வேண்டும். எனக்கு நெட்டுருவான கணக்கு. மளமளவென்று எழுதி, ‘எனவே நிறுவப்பட்டது’ என்று அடிக்கோடும் போட்டு முடித்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“சார், இந்தக் கேள்வி தப்பு.”

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் சரித்திர ஆசிரியர். “என்ன தப்பு?”

“ப்ளஸ் வர்ற இடத்துல மைனஸ் போட்டிருக்குது. எண் ஒண்ணுன்னு வெச்சா இந்தப் பக்கம் ஒண்ணு வருது, அந்தப் பக்கம் சைபர் வருது.”

“வந்தா வரட்டும். உட்காரு.”

“ஒண்ணும் சைபரும் சமம்னு எப்பிடி சார் எழுதறது?”

“எல்லாரும் எழுதறாங்களே!”

ஆகவே எங்களைச் சுற்றிப் பார்த்தான். நிஜமான ஆச்சரியம் அவன் முகத்தில். “நிரூபிச்சுட்டீங்களா? எப்பிடிபா?”

நான் வினாத்தாளைப் பார்த்தேன். மைனஸ்தான். நான் பாட்டுக்கு ப்ளஸ் என்று நினைத்து எழுதியிருந்தேன். ஏகாம்பரம் இன்னும் ஒரு படி மேலே போய், மைனஸையே நிரூபித்திருந்தான். “உட்காருடா பாவி” என்று பல்லைக் கடித்தான்.

அவன் உட்காரவில்லை. யாராவது வந்து திருத்தினால்தான் மேலே எழுதுவேன் என்றான். பெரிய அதிகாரி வந்தார். திருத்துவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். “அப்ப யாருக்கு சார் இருக்குது?” என்றான். மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்ததாகச் சொல்லி, விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சேதி கேட்டு ஊரிலிருந்து அவன் அப்பா வந்தார். மகன் பி.எஸ்சி. சேரப் போகிறான் என்று உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர்.

“காயிதத்துல தப்பு இருந்தா உனக்கு இன்னாடா வந்துச்சு?” என்றார்.

ஆகவே தலையைக் குனிந்துகொண்டான். அவன் பதில் சொல்லாமல் நின்றதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

முடிவுகள் வந்தபோது விஷயம் தெரிந்தது. அது அச்சுப் பிழைதான் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டு, அந்தக் கேள்வியைத் தொட்டவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்திருந்தது. விளிம்பில் ஊசலாடிக்கொண்டிருந்த நான் பாஸ். சைபரும் ஒன்றும் சமம் என்று நிரூபித்த ஏகாம்பரம் முதல் வகுப்பு. தப்பைக் கண்டுபிடித்தவன் மட்டும் பெயில்.

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி முசரவாக்கத்துக்குப் போனோம். வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். சொன்னதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“ஒத்துக்கினாங்களா? தப்புன்னு அவங்களே ஒத்துக்கினாங்களா?”

“டேய், நீ பெயில்டா!” என்று கத்தினேன். “ஒரு வருஷம் போச்சுடா உனக்கு!”

“அது தெரியும்பா. தப்புன்னு ஒத்துக்கினாங்க இல்ல?” சேற்றுக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வந்த ஆத்திரத்தில் அவனை மடையிலேயே தள்ளிவிடலாம் போலிருந்தது.

செப்டம்பரில் மறுபடி எழுதினான். எழுந்து நின்று ஏதாவது கேட்டுத் தொலைப்பானோ என்ற பயத்தில் ஏகாம்பரமும் நானும் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே வெயிலில் காத்துக் கிடந்தோம். கடைசி மணி அடித்த பிறகு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

“இன்னாடா ஆச்சு?” என்றான் ஏகாம்பரம்.

“எல்லாம் எழுதிட்டேன். எல்லாக் கேள்வியும் சரியாதான்பா இருந்துச்சு.”

“அதுக்கா இப்பிடி இருக்கே?”

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். இவன் வாயை மூடமாட்டானா என்று நான் ஏங்காத நாளே கிடையாது. இப்போது மூடிக்கொண்டுதான் இருக்கிறான், எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவன் தோளைத் தட்டினேன்.

“ஒரு சந்தேகம்டா. ஒத்தப்படை எண்ணை வேற எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது, இல்ல? மூணு, அஞ்சு, ஏழு… எல்லாமே அப்பிடித்தானே இருக்குது.”

அவன் சட்டென்று திரும்பினான். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

“ஒம்போதைப் பாத்தியாடா?” என்றான்.

அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாதவன் போல, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.