எண்பத்தாறாம் வருஷத்துச் சம்பந்தி

மனித குலத்தில் வருஷக்காரர்கள் என்று ஒரு இனம் உண்டு. தங்கள் ஆயுளில் ஏதோ ஒரு வருஷத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் சும்மா போக விட்டவர்கள். பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போடுவார்கள், ரேஷன் வாங்குவார்கள், சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குவார்கள். எங்கோ ஆட்சி கவிழ்ந்தது, யாரோ ராக்கெட் விட்டார்கள் என்று நீங்கள் வாயைத் திறக்கும் வரை ஒரு ஆபத்தும் இல்லை. திறந்துவிட்டீர்களா? அவர் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைப்பார். மேலே சுற்றும் ஃபேனை ஒரு முறை பார்ப்பார். "இது இன்னா பெரிசு?" என்பார். அப்புறம் நீங்கள் வீட்டுக்குப் போக நேரமாகும்.

உத்திரமேரூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குத்புதீன் பாய்க்கு வாய்த்த வருஷம் எண்பத்தாறு. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, கடையில் கறுப்பு வெள்ளை டிவி புதிதாக வந்திருந்தது. வேறென்ன வேண்டும்? ஜனவரியில் ஏழு பேரோடு மேலே போன அமெரிக்க விண்கலம் ஒன்றேகால் நிமிஷத்துக்குள் வெடித்தது, பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் ஜனங்கள் தெருவில் இறங்க அதிபர் தன் மனைவியின் ஆயிரக்கணக்கான செருப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார், அதே மாதம் ஸ்வீடன் பிரதமர் சினிமா பார்த்துவிட்டுக் காவல் இல்லாமல் நடந்து வந்தவர் சுடப்பட்டார், எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் வால்நட்சத்திரம் வந்தது, ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் சிக்ஸர் பறந்தது, செர்னோபில் அணு உலை வெடித்தது, மெக்சிகோவில் மரடோனா கையால் ஒரு கோல் போட்டார், சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை' ஆனது. இரண்டு அங்குல ஆணி அரைக் கிலோ கேட்டு வந்தவர்கள் இவ்வளவையும் வாங்கிக்கொண்டுதான் படி இறங்க முடியும். சிலர் ஆணியை மறந்துவிட்டுப் போனதும் உண்டு.

இதில் அவர் நேரில் பார்த்தது எவ்வளவு? வால்நட்சத்திரத்துக்காக மூன்று நாள் விடிவதற்கு முன் ஏரிக்கரையில் போய் நின்றார். மேகம். சேப்பாக்கம் டெஸ்டுக்குக் கடைசி நாள் டிக்கெட்டே வாங்கினார். ஊருக்கு பஸ் போய்விடுமோ என்று டீ இடைவேளையில் எழுந்து வந்துவிட்டார். மேட்ச் டை ஆன சங்கதியைத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை ரேடியோவில் கேட்டார். அதனால் என்ன? வருஷக்காரருக்கு உயிரோடு இருந்ததே போதும். சாட்சி சொல்ல அதற்கு மேல் தகுதி வேண்டாம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் இருந்தாள், ஷாஹீதா. ஏனாத்தூரில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அப்ரோஸ் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அப்படியே. இரண்டு வீட்டாரும் விசாரித்தார்கள், குறை ஒன்றும் அகப்படவில்லை. பையனின் அத்தா ஆசாத் பாய்க்குப் பெருநகர் என்ற பக்கத்து ஊரில் ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமையே குத்புதீன் பாயின் மனைவி நூருன்னிசா அவரை உட்காரவைத்து ஒரு சத்தியம் கேட்டாள். ஏற்கனவே வந்த இரண்டு சம்பந்தம், செர்னோபில் புகை மண்டலம் ஸ்வீடன் வரை போய்ச் சேருவதற்குள் எழுந்து போயிருந்தன. இந்த முறை அந்த வருஷம் இந்த வீட்டில் வாயில் வரக்கூடாது. அவருக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் கதவோரம் ஷாஹீதா நின்றிருந்தாள். கையிலிருந்த துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் சத்தியம் செய்து கொடுத்தார்.

வந்தார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஆசாத் பாய் கூடத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் அப்ரோஸ் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில். சேமியா வந்தது, டீ வந்தது. மழை, நெல் விலை, உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் இடையில் ரோடு இருக்கும் லட்சணம் எல்லாம் பேசினார்கள். குத்புதீன் பாய் தன்னை நினைத்துத் தானே வியந்தார். அரை மணி நேரம்! ஒரு விண்கலம் கூட மேலே போகவில்லை. அந்த நேரம் பார்த்து மூலையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஏதோ நாட்டு எல்லையில் வேலி போடும் செய்தி வந்தது. ஆசாத் பாய் அதைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். ஃபேனைப் பார்த்தார்.

குத்புதீன் பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது இன்னா பெரிசு?" என்றார் ஆசாத் பாய். "எண்பத்தொம்போதுல பெர்லின்ல சொவுரு இடிஞ்சுது பாரு, அது."

ஆமாம், அவரும் ஒரு வருஷக்காரர். வேறு வருஷம், அவ்வளவுதான். சுவரில் ஏறி நின்ற ஜனங்கள், பீஜிங் சதுக்கத்தில் டாங்கிக்கு முன்னால் பையோடு நின்ற மனிதன், ஆப்கானிஸ்தானை விட்டுப் பாலம் தாண்டிப் போன ரஷ்யப் படை, நெப்டியூனை எட்டிப்பார்த்த விண்கலம், சியால்கோட்டில் மூக்கில் அடி வாங்கியும் மட்டையைக் கீழே வைக்காத பதினாறு வயசுப் பையன் என்று அவர் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார். குத்புதீன் பாய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். தொண்டையில் ஒன்பது மாதங்கள் வரிசையாக வந்து நின்றன. மகள் முகத்தை நினைத்து எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்கியிருப்பார். ஆனால் ஆசாத் பாய் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அதுக்கு முன்னால ஒலகத்துல சொல்லிக்கிறாப்புல ஒண்ணும் நடக்கல என்றார்.

"எங்க செர்னோபில் வெடிக்கலன்னா உங்க சொவுரு எப்டி பாய் இடியும்?" என்றார் குத்புதீன் பாய்.

எங்க செர்னோபில்! அவர் தாய்மாமன் வைத்து நடத்திய ஜெனரேட்டர் என்று நினைத்துக்கொள்ளப் போகிறீர்கள். அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் இரண்டு வருஷங்களும் கூடத்தில் மோதிக்கொண்டன. மரடோனாவின் கையைத் திருட்டுக்கை என்று ஒருவர் சொல்ல, நெப்டியூனில் மனுஷன் இருக்கானா என்று மற்றவர் கேட்க, ஆசாத் பாய் எழுந்து நின்றுவிட்டார். மரியாதை தெரியாத வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மகனிடம் சொன்னார். அப்ரோஸ் எழுந்திருக்கவில்லை. அவன் தலை குனிந்திருந்தது. உள்ளே டம்ளர்களின் சத்தம் நின்றுபோயிருந்தது. குத்புதீன் பாய்க்கு அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. சரிசெய்ய வார்த்தை தேடினார். நாற்பது வருஷமாக அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே வருஷத்து வார்த்தைகள்.

ஷாஹீதா வெளியே வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அத்தா, நான் எந்த வருசம் பொறந்தேன்?"

அவர் விழித்தார். உதடு அசைந்தது. "எண்பத்தாறுக்கு அப்பறம் பன்னெண்டாவது வருசம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அறை வாசலிலிருந்து அப்ரோஸின் அம்மா தன் கணவரைப் பார்த்து, "அப்ரோஸு எப்போன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். "சொவுரு இடிஞ்சி எட்டு வருசம்" என்றார் ஆசாத் பாய், நின்றபடியே.

இரண்டு கணக்கும் சரிதான். அதுதான் கேவலமாக இருந்தது.

ஷாஹீதா திரும்பவும் கேட்டாள். தான் பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்றாள். குத்புதீன் பாய் தொண்ணூற்றெட்டைத் துழாவினார். எந்த ஆட்சி கவிழ்ந்தது, எங்கே வெடித்தது, யார் ஜெயித்தார்கள்? ஒன்றும் வரவில்லை. வேறொன்று வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தா. முழங்கால் வரை நனைந்த லுங்கி. உள்ளே ஒரு குழந்தை அழுத சத்தம், அது தன்னுடையதுதானா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றது.

"அடை மழை" என்றார். "பிளாஸ்க்குல கஞ்சி எடுத்துக்கினு வராந்தாலயே நின்னுக்கினு இருந்தேன். காலைலருந்து சாயங்காலம் வரிக்கும். ஒலகத்துல இன்னா நடந்துச்சின்னு தெரியாதும்மா. அன்னிக்கி நான் பேப்பர் பாக்கல."

ஆசாத் பாய் மகனைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ ஒரு வராந்தா இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

தேதியைப் பெண்களே வைத்தார்கள். நிக்காஹ் முடியும் வரை தொண்ணூறுக்கு முந்திய எந்த வருஷமும் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று நூருன்னிசா நிபந்தனை போட்டாள். இருவரும் ஒப்புக்கொண்டார்கள், காப்பாற்றவும் செய்தார்கள். மகள் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டபோது குத்புதீன் பாய் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவர்கள் பயந்துபோனார்கள். அவர் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

பந்தி முடிந்து தேடினால் இரண்டு சம்பந்திகளையும் காணோம். சமையல்கட்டுக்குப் பின்னால் காலி பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஸ்டாக்ஹோமிலும் மற்றவர் பெர்லினிலும் இருந்தார்கள். இப்போது ஆசாத் பாய் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி உத்திரமேரூர் வருகிறார். இவர் பேசும்போது அவர் கேட்பதில்லை. அவர் பேசும்போது இவர் கேட்பதில்லை. தன் முறை வரும் வரை இருவரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் அமையுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் யாரோ ஒரு செய்தி சொன்னபோது, அவர் சொல்லி முடிப்பதற்குள், "அதெல்லாம் அப்பவே பாத்தாச்சி" என்று ஆரம்பித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பெண்ணுக்கு அப்போது ஏதோ அவசர போன் வந்ததே, அது நிஜமாகவே வந்ததா? உங்கள் வருஷம் எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தெரியும்.