மலையை இடமாகச் சுற்றும் பள்ளிக்கூடம்

வேங்கிக்கால்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அன்பு மகன் புகழேந்திக்கு அண்ணாமலையார் துணை நிற்க, அம்மா சரசு எழுதுவது. இங்கு நானும், உன் மனைவி சினேகாவும், குழந்தை ஓவியாவும், நீ தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன பைக்கும் சுகம். போனில் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. கடுதாசிக்கு டவர் வேண்டாம். முழுசும் படி.

நீங்கள் ரெண்டு பேரும் தேடிப் பிடித்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது, சிலேட்டு கிடையாது. விஜயதசமிக்கு அரிசியில் நான் விரல் பிடித்து எழுதவைத்த 'அ'வோடு சரி. "இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"ன்னு டீச்சர் அருணாதேவியைக் கேட்டேன். "நாங்க சொல்லிக் குடுக்கறதில்லைங்கம்மா. குழந்தைக்கு எதுல ஆசையோ அதைக் குழந்தையே செய்யும், நாங்க பின்னாடியே போவோம்"னு சிரிக்குது. ஆடு மேய்க்கிறவனும் ஆட்டுக்குப் பின்னாடிதான் போறான். பொழுது சாஞ்சா பட்டிக்கு ஓட்டிட்டு வரானா இல்லையா? உன் மக காலையெல்லாம் எறும்பு பார்த்தாளாம். அதை டீச்சர் போட்டோ வேற எடுத்து சினேகாவுக்கு அனுப்பியிருக்கு. எறும்பு நம்ம வூட்டு சர்க்கரை டப்பாவுலயே இருக்கு, ஃபீஸ் இல்லாம.

இன்னிக்கு நடந்ததைக் கேளு. சாயங்காலம் கூப்பிடப் போனா, மணலைக் குவிச்சு மலைன்னு வெச்சிருக்குதுங்க. உச்சியில கொட்டாங்கச்சி, அதுதான் தீபக் கொப்பரையாம். செருப்பைக் கழட்டிட்டு எல்லாம் கிரிவலம் போவுதுங்க. ஒண்ணு விசில் ஊதற போலீசு, ஒண்ணு இலையில மண்ணை வெச்சுக்கிட்டு அன்னதானம். பூரிச்சுப்போயிட்டேன் புகழு. அப்புறம்தான் பார்க்கிறேன், அத்தனையும் மலையை இடமா சுத்துதுங்க! இந்த ஊர்க் கழுதைகூட அப்படிச் சுத்தாது. "மலை சோத்துக்கைப் பக்கம் இருக்கணும்டி!"ன்னு கத்தினேன். "திருத்தாதீங்கம்மா, அவங்களே கண்டுபிடிப்பாங்க"ன்னு டீச்சர் குறுக்கே வருது. எப்போ கண்டுபிடிக்கும், அறுபதாம் கல்யாணத்துலயா? நானே செருப்பைக் கழட்டிட்டு சரியான பக்கமா நடந்து காட்டினேன். எதிர்ல வந்த போலீசு முழங்கால்ல மோதி, மலைமேலயே உட்கார்ந்துட்டேன். கொட்டாங்கச்சி ஒடஞ்சுபோச்சு. என் இடுப்பைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. "ஆயா மலையை ஒடச்சிடுச்சு"ன்னு உன் மகதான் முதல் ஒப்பாரி.

நான் படிச்சது அஞ்சாவதுதான். ஆனா குட்டு வாங்கிப் படிச்ச வாய்ப்பாடு இன்னிக்கும் மண்டையில நிக்குது. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. டை, ஷூ, ஹோம்வொர்க் எல்லாம் ஜாஸ்தி, சிரிப்பு கம்மி. வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது. சினேகாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, குழந்தை பொழைச்சுக்கும். சொல்லலைன்னா நான் கீழ்பென்னாத்தூருக்கு உன் மாமன் வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் ஓவியாவை அந்த எறும்புதான் கூட்டிட்டு வரணும்.

வேளைக்குச் சாப்பிடு. ஏசிக்கு நேரா படுக்காதே. நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு.

இப்படிக்கு,
அம்மா சரசு
(அஞ்சாம் வகுப்பு, முதல் ரேங்க்)

பின்குறிப்பு: மறுநாள் காலையில தபால் பெட்டிக்குப் போற வழியில ஓவியாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போனேன். மலையை ஒடச்சவங்கதான் மலையா இருக்கணும்னு பசங்க தீர்ப்பு சொல்லி, என்னை நடுவுல உட்கார வெச்சுடுச்சுங்க. அண்ணாமலையார் மன்னிக்கணும். மலை பேசக் கூடாதாம், அசையக் கூடாதாம். வாயை மூடிக்கிட்டு இருந்தேன், நம்ப மாட்டே. இடமா சுத்திக்கிட்டிருந்த ஓவியா திடீர்னு நின்னா. "ஆயா நேத்து இப்படித்தான் போச்சு"ன்னு திரும்பி நடந்தா. எல்லாம் அவ பின்னாடி. சோத்துக்கைப் பக்கம் நான்! சினேகாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை என் தலைமேல கொட்டாங்கச்சி வெச்சு, செம்பருத்திப் பூவால தீபம் ஏத்தறாங்களாம். மலை லீவு போட முடியாது.